காற்றைப் பார்த்து வீடு எடுக்கணும்: குவாதலூப் பயணத்துக்கு ஒரு திட்டம்

அம்மா இந்தக் குளிர்காலத்தில் காரைக்காலிலிருந்து பாரிஸுக்கு வருகிறார். பிப்ரவரியில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. எல்லோருமாகச் சேர்ந்து வெயில் அடிக்கும் ஊருக்கு எங்காவது போய்வரலாம் என்று பேச்சு வந்தபோது நான் குவாதலூப் என்றேன். நானும் மனைவியும் பிள்ளைகளும் ஏற்கெனவே ஒருமுறை போய்வந்த தீவுதான். மனைவிக்கு வேறு தீவு பார்க்க ஆசை. பிள்ளைகளுக்குக் கடல் இருந்தால் போதும். அம்மா மட்டும் தொலைபேசியில் கேட்டார்:

"அது எங்கடா இருக்கு?"

"அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம்மா. ஆனா பிரான்ஸுதான்."

"ரெண்டும் எப்படிடா ஒண்ணாகும்?"

நியாயமான கேள்வி. பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் ஏறி எட்டரை மணி நேரம், ஏறத்தாழ 6,700 கிலோமீட்டர் பறந்தால் கரீபியன் கடலோரத்தில் ஒரு பிரெஞ்சு மாவட்டத்தில் இறங்கலாம். 1946 முதல் குவாதலூப் பிரான்ஸின் ஒரு மாவட்டம். யூரோதான் பணம், பிரெஞ்சுதான் அலுவல் மொழி, வீட்டிலும் தெருவிலும் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். கைப்பேசிக்குத் தனிக் கட்டணம் கிடையாது, மருந்துக்கடையில் நம் மருத்துவ அட்டை செல்லும். பிரான்ஸில் வசிக்கும் நம்மவர்களுக்கு இதைவிடச் சுலபமான வெப்பத் தீவு கிடையாது என்பேன்.

ஆனால் அம்மாவைப்போல இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. குவாதலூப் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கிறது, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. பாரிஸ் வர வாங்கும் குறுகிய கால ஷெங்கன் விசாவைக் காட்டி அங்கேயும் இறங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு டிக்கெட் போடக்கூடாது. கடல்கடந்த பகுதிக்கும் போகிறோம் என்று விண்ணப்பிக்கும்போதே சொல்லி, அதற்கான விசாவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். "அங்கே வந்து பாத்துக்கலாம்" என்ற பேச்சே இதில் எடுபடாது. அதனால் எங்கள் திட்டத்தில் முதல் வேலை விசா. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, அப்புறம் என்ன? வீடு. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கரீபியன் பயணம் பற்றி நண்பர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி "எந்த பீச் நல்லாயிருக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பது.

வரைபடத்தில் பார்த்தால் குவாதலூப் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிபோல இருக்கும். இடச் சிறகு பாஸ்தேர்: எரிமலை, காடு, அருவி. வலச் சிறகு கிராந்த்தேர்: தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம், கரும்பு, வெள்ளை மணல். நடுவே ஒடுங்கிய உப்புநீர்க் கால்வாய் ஒன்று, மேலே பாலம். சுற்றிலும் மரி-கலாந்த், லே சேந்த், லா தெசிராத் என்று சின்னத் தீவுகள். இந்த மொத்தக் கூட்டத்தின் மேலும் வருடம் முழுவதும் கிழக்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டேயிருக்கும். நம் கரையோரத்தில் கொண்டல் வீசுவதற்கு ஒரு காலம் உண்டு. அங்கே எப்போதுமே கொண்டல்தான்.

அந்தக் காற்றுதான் தீவை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று பாஸ்தேர் மலையில் மோதி மேலே ஏறி, அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. எரிமலை உச்சியில் வருடத்துக்கு 10 மீட்டர் வரை மழை. கிழக்கே தட்டையாகக் கிடக்கும் தெசிராத்தில் அதில் பத்தில் ஒரு பங்குதான். மலைக்கு மேற்கே இறங்கினால் மழை குறைந்து, கடல் குளம்போலப் படுத்துக் கிடக்கும். ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரு மணி நேர கார்ப் பயணத்துக்குள் இவ்வளவும் மாறும். தொலைபேசியில் "குவாதலூப் வானிலை" என்று தேடினால் எல்லா நாளும் மழைமேகம் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து பயணத்தை ரத்து செய்தவர்களை எனக்குத் தெரியும். மழை பெய்வது உண்மைதான். எங்கே பெய்கிறது என்பதுதான் கேள்வி.

காற்றோடு இன்னொன்றும் வருகிறது: சர்காசம் எனும் பழுப்புக் கடற்பாசி. 2011 முதல் அட்லாண்டிக்கில் பெரும் திட்டுகளாக மிதந்து வந்து கரீபியன் தீவுகளின் கிழக்குக் கரைகளில் ஒதுங்குகிறது. ஒரு வருடம் அதிகம், ஒரு வருடம் குறைவு. பெரும்பாலும் வசந்தம் தொடங்கிக் கோடை முடிய. ஈரமாகக் கிடக்கும்வரை பரவாயில்லை. கரையில் குவிந்து அழுகத் தொடங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம், கண் எரிச்சல், தலைவலி. வீட்டிலிருக்கும் வெள்ளிச் சாமான்கூடக் கறுத்துப்போகும். எங்கள் நண்பர் குடும்பம் ஒன்று மே மாதத்தில் கிழக்குக் கரையில், கடலை ஒட்டி, படத்தில் பார்த்தால் வாயைப் பிளக்க வைக்கும் ஒரு வீட்டில் தங்கியது. ஜன்னலைத் திறக்கவே முடியவில்லையாம். வீட்டுக்காரர் மேல் தப்பில்லை, படம் எடுத்த அன்று பாசி வரவில்லை, அவ்வளவுதான். பாசி எங்கே ஒதுங்கும் என்று முன்னறிவிப்புகள் வருகின்றன, வசந்தத்திலும் கோடையிலும் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவது நல்லது. மேற்குக் கரைக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது.

என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருவர் குவாதலூப்காரர். வீடு தேடுகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி கடற்கரையைப் பற்றியோ நீச்சல் குளத்தைப் பற்றியோ இல்லை. "தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா?" அவ்வளவு மழை பெய்யும் தீவில் குழாயில் தண்ணீர் நிற்கும் என்பதை முதலில் நம்பத்தான் முடியாது. பழைய குழாய்கள், பல வருட நிர்வாகச் சீர்கேடு, பாதிக்கும் மேற்பட்ட தண்ணீர் வழியிலேயே கசிந்து போகிறது. அதனால் முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எந்த நாள் எந்தப் பகுதிக்குக் கிடையாது என்று அட்டவணை வரும், அட்டவணையில் இல்லாத நாளிலும் நிற்கும். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வீட்டு விவரத்தில் தொட்டி பற்றி ஒரு வரி இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

காலம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டிசம்பர் முதல் மே வரை உலர்காலம், ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஆகஸ்ட், செப்டம்பரில் டிக்கெட் மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் இந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. 2017 செப்டம்பரில் மரியா பக்கத்துத் தீவான டொமினிக்காவைச் சிதைத்துவிட்டு இங்கும் வாழைத்தோட்டங்களைச் சாய்த்துப் போனது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு அந்த மாதங்களில் போக நான் தயாரில்லை.

பிப்ரவரி என்றால் பாரிஸ் பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். டிக்கெட் விலை ஏறிவிடும், வாடகைக் கார் கிடைக்காமலே போகும். கூடவே கார்னிவல். ஜனவரியிலிருந்தே ஞாயிறு பிற்பகல்களில் ஊர்வலம் தொடங்கி, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று எல்லோரும் கறுப்பு வெள்ளையில் திரண்டு வாவால் என்ற கார்னிவல் ராஜாவின் பொம்மையைக் கொளுத்தி அழுது முடிப்பார்கள். பார்க்க வேண்டிய விஷயம்தான், குறிப்பாகத் தோல் மேளம் மட்டும் அடித்துக்கொண்டு வேகநடை போடும் குழுக்கள். அவர்களுக்கு மேடையும் கிடையாது, வாகனமும் கிடையாது. சாட்டையைத் தரையில் சொடுக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வர, பின்னால் தெருவே அதிரும். ஆனால் அன்று எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று பார்க்காமல் காரை எடுத்தால் மாலை முழுக்க ஒரே சந்திப்பில் நிற்க வேண்டிவரும்.

இனி எங்கே தங்குவது. வழக்கமான பதில் கிராந்த்தேரின் தென்கரை: சேந்த்-ஆன், சான்-பிரான்சுவா. வெள்ளை மணல், தென்னை, ஆழமில்லாத நீலத் தண்ணீர், வெளியே பவளத்திட்டு அலையைத் தடுக்கும். விடுதிகளும் அங்கேதான். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். எனக்கு அது ஒரு நாளைக்குப் போதும். பாஸ்தேரை விட்டுவிட்டு அங்கேயே இருந்து திரும்புகிறவர்களைப் பார்த்தால், தஞ்சாவூர் போய்விட்டுப் பெரிய கோயில் பார்க்காமல் திரும்புகிறவர்களைப்போலத் தோன்றும்.

அதனால் நாங்கள் வீட்டை இரண்டாகப் பிரிக்கிறோம். முதலில் பாஸ்தேரின் தென்கோடியில் த்ரவா-ரிவியேர். அப்புறம் வடமேற்கில் தேஷே. முதலாவது மழைப்பக்கம்தான், தெரிந்தே எடுக்கிறோம். ஆனால் எரிமலை, அருவி, லே சேந்த் போகும் படகு, அம்மா பார்க்க வேண்டிய கோயில் எல்லாம் அங்கிருந்து கிட்டே. வேலையெல்லாம் முடித்துவிட்டு மேற்குப் பக்கம் போய்க் கடலில் கிடப்பது.

சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர், சிற்றண்டிலீஸ் எனும் கிழக்குக் கரீபியன் தீவு வரிசையிலேயே உயரமான சிகரம். இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. 1976இல் அது குமுறத் தொடங்கியபோது 70,000க்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். எல்லோரும் பயந்த பெரிய வெடிப்பு கடைசியில் வரவேயில்லை. அப்போது வெளியேறியது சரியா தவறா என்று விஞ்ஞானிகள் போட்ட சண்டை பிரான்ஸில் பெரிய கதை. மேலே ஏறி இறங்க மூன்று நான்கு மணி நேரம். காலையிலேயே கிளம்பினால்தான் உச்சியில் மேகமில்லாமல் இருக்க வாய்ப்பு, அதுவும் வாய்ப்புதான். உச்சியில் அமில வாயு வெளிவரும் பகுதிகளுக்கு அனுமதி கிடையாது. பெரியவனும் நானும் போவோம், அம்மாவின் முழங்காலுக்கு இது ஆகாது.

அவருக்குக் கர்பே அருவி. மூன்று அருவிகளில் இரண்டாவது 110 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, வாகன நிறுத்தத்திலிருந்து ஒழுங்காகப் போட்ட பாதையில் மெதுவாக நடந்தாலும் அரை மணியில் பார்வை மேடைக்குப் போய்விடலாம். காட்டுக்குள் பெரணி மரங்கள், தலைக்கு மேல் அன்னாசி இனச் செடிகள் கிளைகளில் கூடுகட்டியதுபோல உட்கார்ந்திருக்கும். மழைக்கோட்டு எடுக்க வேண்டும், குடை வேண்டாம்.

எரிமலையைச் சுற்றி வெந்நீர்க் குளங்கள் உண்டு, ஊர்க்காரர்களும் குளிப்பார்கள். அங்கே ஒரு விதி: தலையை முக்கக்கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறலாம். மிக அரிதுதான், ஆனால் 2008இல் அந்தத் தீவிலேயே ஒரு குழந்தை இறந்திருக்கிறது. கழுத்துவரை உட்காருங்கள், டைவ் அடிக்காதீர்கள். என் சின்னவனிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட அவனைக் கடலுக்கே கூட்டிப்போவது எளிது.

லே சேந்த்துக்கு த்ரவா-ரிவியேரிலிருந்து படகில் இருபது நிமிடம்தான், ஆனால் நடுவிலிருக்கும் கடலில் படகு ஆடும். பின்பக்கம் உட்கார வேண்டும், காலையில் கனமாகச் சாப்பிடக்கூடாது. தேர்-த-ஓ என்ற தீவில் இறங்கினால் சிவப்புக் கூரை வீடுகள், குன்றுகளுக்கு நடுவே வட்டமான விரிகுடா. வறண்ட தீவு என்பதால் கரும்புத் தோட்டம் வரவில்லை, பிரான்ஸின் மேற்குக் கரையிலிருந்து வந்த மீனவர்கள் குடியேறினார்கள். அதனால் ஊரின் முகமே வேறு. 1782 ஏப்ரலில் இந்தக் கடலில்தான் பிரிட்டிஷ் கடற்படை பிரெஞ்சுக் கப்பல்களை நொறுக்கியது. குன்றின்மேல் இருக்கும் நெப்போலியன் கோட்டையில் அந்தப் போரைப் பற்றிய அறை ஒன்று உண்டு. காலையில் மட்டும்தான் திறப்பார்கள், முதல் படகைப் பிடிக்க இது ஒரு காரணம். ஏற்றம் செங்குத்து. அம்மாவுக்காக மின்வண்டி ஒன்று முன்பதிவு செய்ய வேண்டும். துறைமுகத்தில் பெண்கள் கூடையில் வைத்து விற்கும் தேங்காய்ப் பூரண அப்பத்தை வாங்கிச் சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை.

இப்போது கோயில். கப்பஸ்தேர்-பெல்-ஓ ஊருக்கு வெளியே, ஷாஞ்சி என்ற இடத்தில், வாழைத்தோட்டங்கள் ஊடே போகும் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே ஒரு கோபுரம் நிற்கிறது. உள்ளே மாரியம்மன். அவர்கள் உச்சரிப்பில் மாலியெமென்.

அடிமைமுறை 1848இல் ஒழிந்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. பிரெஞ்சு இந்தியத் துறைகளான புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏஜென்டுகள் உட்கார்ந்து ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஆள் பிடித்தார்கள். சுற்றுப்புற பிரிட்டிஷ் மாவட்டங்களிலிருந்தும் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள், பின்னாளில் கல்கத்தாவிலிருந்தும் கப்பல் போனது. ஒரேலி என்ற கப்பல் 1853இல் இன்னொரு பிரெஞ்சுத் தீவான மார்த்தினீக்குக்கும், 1854 டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டி குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தை இறக்கியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மூன்று மாதப் பயணம். 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர். பெரும்பாலோர் திரும்பவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்கு அனுப்புகிறோம் என்று சொன்னது ஏட்டளவிலேயே நின்றுபோனது பலருக்கு.

அவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைக்கவே 20ஆம் நூற்றாண்டு வரை போராட வேண்டியிருந்தது. கப்பஸ்தேரில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரோம், தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினரை 1904இல் வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போனார். அவர்கள் பிரெஞ்சுக்காரர்களே இல்லை என்றது நிர்வாகம். வழக்கு நடந்தது, இழுத்தது, 1923இல்தான் அவர் பக்கம் முடிந்தது. புதுச்சேரிப் பக்கத்து நம்மவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாதது எனக்கு எப்போதுமே உறுத்தும். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை, ஓய்வூதியம் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறோம். அதே கரையிலிருந்து போனவர்கள் அதே குடியுரிமைக்காக ஏறத்தாழ இருபது வருடம் நீதிமன்றப் படி ஏறியது பேச்சில் வருவதேயில்லை.

இவ்வளவும் சொன்னபிறகு ஒரு எச்சரிக்கை. "தொலைந்துபோன தமிழர்களைத் தேடி" என்ற தோரணையில் அங்கே போய் இறங்காதீர்கள். அவர்கள் தொலையவில்லை, சொந்த ஊரில் இருக்கிறார்கள். ராமசாமி, முத்துசாமி என்ற குடும்பப் பெயரோடு ஊராட்சித் தலைவர், ஆசிரியர், பேருந்து ஓட்டுநர் எல்லாம் உண்டு. தமிழ் பேச்சுமொழியாக இல்லை. சடங்குப் பாட்டில் தலைமுறைகள் காதால் கேட்டுக் காப்பாற்றிய தமிழ் இருக்கிறது. "நீங்க தமிழா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு உணர்ச்சிவசப்பட்டால், மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போவார்கள். செருப்பைக் கழற்றி, அனுமதி கேட்டு, படம் எடுக்காமல் நில்லுங்கள். பேச்சு தானாக வரும்.

கோயிலில் தினசரி அர்ச்சனை என்று எதிர்பார்க்கவும் கூடாது. பெரும்பாலும் ஒரு குடும்பம் நேர்ந்துகொண்டு நடத்தும் பூஜை. பூசாரி, மத்தளம், வேப்பிலை, மஞ்சள் எல்லாம் உண்டு, கிடாவெட்டும் உண்டு. காவல் தெய்வமாக மதுரைவீரன். அம்மாவிடம் நான் சொன்னதில் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று: அந்தத் தீவுகளின் மாரியம்மன் வழிபாட்டில் மரக்கம்பத்தில் கொடியேற்றி நாகூர் ஆண்டவரையும் வணங்குகிறார்கள். காரைக்காலிலிருந்து நாகூருக்குப் பஸ்ஸில் சும்மா போய்விட்டு வருகிற தூரம். கடலில் போகிறவர்களுக்கு அவர் துணை என்று எங்கள் பாட்டிகளும் சொல்வார்கள். மூன்று மாதம் கப்பலில் கிடந்தவர்கள் இறங்கியதும் யாருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள் என்று அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்ப போகத்தான் வேணும்" என்றார். அதுவரை அவர் போகலாமா வேண்டாமா என்றே சொல்லவில்லை.

சாப்பாடு விஷயத்தில் அம்மாவைத் திருப்திப்படுத்துவது இதைவிடக் கஷ்டம். தீவின் தேசிய உணவுபோல ஆகிவிட்ட ஆட்டுக்கறி கொலோம்போ நம் குழம்பின் வழித்தோன்றல் என்பது தெரிந்ததுதான். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு சேர்த்த பொடி, அதில் மிளகாய் பெரும்பாலும் கிடையாது. காரத்துக்குக் குடைமிளகாயைச் சின்னதாக்கியதுபோல ஒரு மிளகாய். அதை முழுசாகக் குழம்பில் மிதக்கவிட்டு, வெடிக்காமல் கரண்டியால் பக்குவமாக வெளியே எடுத்துவிடுவார்கள். வாசனை இறங்கும், காரம் இறங்காது. வெடித்தால் அன்றைக்கு யாரும் சாப்பிட முடியாது. சந்தைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு அம்மையார் அந்த மிளகாயை எடுப்பதை நான் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறேன். அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "புளி ஊத்துவாங்களா?" என்றார். எலுமிச்சை என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

அதனால் சமையலறை உள்ள வீடுதான். சந்தையில் சௌசௌ, பூசணி, சேப்பங்கிழங்கு, கீரை, ஈரப்பலா, முள் சீத்தா என்று பாதி நம் காய்கள். செவ்வாய் வெள்ளிக்குக் கவலையில்லை. புளி, பெருங்காயம், சாம்பார்ப் பொடி பெட்டியில் போகும். கறிவேப்பிலைக் கன்று ஒன்று கொண்டுபோய் அங்கே யாருக்காவது கொடுக்கலாம் என்ற அம்மாவின் யோசனையை மட்டும் தடுத்தாகிவிட்டது. சான்றிதழ் இல்லாமல் செடி கொண்டுபோக முடியாது.

சூப்பர் மார்க்கெட் விலைக்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். உணவுப்பொருள்கள் பிரான்ஸைவிடச் சுமார் 40% அதிகம். பெரும்பாலானவை கப்பலில் வருகின்றன, இறக்குமதிக்குக் கடல் தீர்வை வேறு. காயும் மீனும் சந்தையில் வாங்குவதே மேல். ஆனால் கிழங்கு வகைகளை எங்கே விளைந்தது என்று கேட்டு வாங்குங்கள். வாழைத்தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை அடித்த குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லி, பாஸ்தேரின் தென்பகுதி மண்ணில் இன்னும் போகாமல் கிடக்கிறது. பிரான்ஸ் 1990இல் அதற்குத் தடைபோட்டபிறகும் குவாதலூப், மார்த்தினீக் தீவுகளுக்கு மட்டும் மூன்று வருடம் விலக்கு கொடுத்தார்கள். அந்தக் கோபம் தீவில் இன்றைக்கும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று சொல்ல வெளியாள்களுக்கு உரிமையும் இல்லை. கிழங்குகள் மண்ணிலிருந்து நஞ்சை இழுத்துக்கொள்ளும், ஆற்று மீனும் அப்படியே. சோதனைக்குட்பட்ட தோட்டத்துப் பொருளென்று எழுதி வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

தேஷேயில் திட்டம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. கிராந்த் ஆன்ஸ் கடற்கரை நீளமானது, பொன்னிற மணல், பின்னால் மலை. தெற்கே மலாந்தூரில் கடல் ஆமைகள் கரையோரப் புல் மேய வரும், கண்ணாடியும் குழலும் போட்டுக்கொண்டு தள்ளி நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. எதிரே பிழோன் தீவுகளைச் சுற்றிப் பாதுகாக்கப்பட்ட பவளக் கடல், கண்ணாடித் தளப் படகில் அம்மாவும் பார்க்கலாம்.

கடற்கரையில் பிள்ளைகளுக்கு முதலில் காட்டிக்கொடுக்க வேண்டியது ஒரு மரம். மான்சினீல். பளபளப்பான இலை, சின்னப் பச்சை ஆப்பிள்போலப் பழம், தரையில் உருண்டு கிடக்கும், வாசனையாகவும் இருக்கும். கடித்தால் தொண்டை வெந்துபோகும். மரத்தின் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே போதும். பல கடற்கரைகளில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருக்கிறார்கள். எல்லா மரத்திலும் பட்டை இருக்கும் என்று நம்பக்கூடாது. நல்ல நிழலாக இருந்தும் யாருமே உட்காராத மரம் என்றால் அதுவாகத்தான் இருக்கும்.

கார் இல்லாமல் இந்தத் திட்டத்தில் எதுவும் நடக்காது. பேருந்து உண்டு, மாலையானால் குறைந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை ஏறக்குறைய கிடையாது. விமான டிக்கெட் போட்ட அன்றே காரையும் பதிவுசெய்ய வேண்டும். பிப்ரவரியில் ஆறு மணி தாண்டியதும் இருட்டிவிடும், கோடைபோல ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும் என்ற ஐரோப்பிய எண்ணத்தில் மலைப்பாதையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. தேஷேயிலிருந்து போயின்த்-ஆ-பித்ர் நகரப் பக்கம் போகும் காலை, மாலை நெரிசல் தனிக்கதை.

பாரிஸுக்குத் திரும்பும் விமானங்கள் பெரும்பாலும் மாலையில்தான் கிளம்பும், அதனால் கடைசி நாளும் கையில் இருக்கும். பெட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு போயின்த்-ஆ-பித்ர் நகரத்துக்கு. துறைமுகத்தில் பழைய டார்பூசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015இல் மெமோரியல் ஆக்ட் என்ற அடிமை வரலாற்று அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். கறுங்கல் பெட்டிமேல் வெள்ளி வேர் படர்ந்ததுபோன்ற கட்டடம். உள்ளே அரை நாள் வேண்டும். பெரியவன் போன முறை அங்கே கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பாதிக்குத்தான் பதில் தெரிந்தது, இந்த முறை அவனே பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்லட்டும். அப்புறம் சான்-அந்துவான் சந்தையில் மசாலாக் கடைகள். அங்கே விற்கிற பெண்கள் கட்டம்போட்ட மெட்ராஸ் துணியில் தலைப்பாகை கட்டியிருப்பார்கள். சென்னைப் பக்கத்திலிருந்து போன கட்டத்துணிதான் இன்று அந்தத் தீவுகளின் பாரம்பரிய உடை. அம்மா அதைப் பார்த்ததும் கைலித் துணி என்பார், நான் மறுக்கப்போவதில்லை.

வீடு இரண்டுக்கும் முன்பணம் கட்டவில்லை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் பிடித்து வைத்திருக்கிறேன். த்ரவா-ரிவியேர் வீட்டுக்காரர் தொட்டி 2,000 லிட்டர் என்று எழுதியிருக்கிறார், தேஷேக்காரர் இன்னும் பதில் போடவில்லை. விசாவுக்கு அம்மா அடுத்த வாரம் புதுச்சேரி போகிறார். டிக்கெட் அதற்கப்புறம்.